சஃபாரியின் இடது கால்

கிளியைக் கொடுக்கும்போது அப்ரோஸ் பேகம் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுக்கிற வீட்டில் நிறையை மட்டும் சொல்வார்கள். இங்கே குறையை மட்டும்தான் சொல்வார்கள். கடிக்குமா, கத்துமா, தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளுமா, உடம்பில் என்ன ஊனம், அது யாரால் வந்தது, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, வாங்குகிறவர் முன்னால் வாய்விட்டு வாசித்த பிறகுதான் கூண்டு கை மாறும். "குறையத் தெரிஞ்சு கூட்டிட்டுப் போறவுக திரும்பக் கொண்டாந்து தள்ள மாட்டாக" என்பார். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர் வீட்டு மாடி முழுக்க, ஆசைக்கு வாங்கி அலுத்துப்போனவர்கள் விட்டுவிட்டுப் போன வெளிநாட்டுக் கிளிகள். வீட்டில் வளர்க்கச் சட்டம் விடாத நம்மூர்ப் பச்சைக்கிளியை யாராவது தூக்கி வந்தால் மட்டும் வாசலிலேயே நிறுத்தி, வனத்துறை அலுவலகத்துக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்.

அப்படிப்பட்ட தாள் ஒன்றில்தான் செலினாவின் பொய் நாலு மாதமாக எழுத்தாய்க் கிடந்தது. இன்றைக்கு அதை அவள் காதுபட வாசிக்கப்போகிறார்கள். ராஜபாளையத்திலிருந்து கிளம்பிய பஸ்ஸில் கூண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்குக் கிளியை முகம் பார்க்க முடியவில்லை. கிளி என்னவோ நிம்மதியாகத்தான் இருந்தது.

அதன் பெயர் சஃபாரி. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. ஆலங்குளத்தில் தையல்கடை வைத்திருந்த ராஜரத்தினம் வைத்த பெயர். ஒரு காலத்தில் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கெல்லாம் அவர் தைத்துக்கொடுத்த சஃபாரி சூட்டின் நிறமாம். மகன் சென்னையில் வாங்கி, அதன் சத்தம் தாங்காமல் அப்பா தலையில் கட்டிவிட்டுப் போனான். அப்பாவோ அதைத் தலையில் வைத்துக் கொண்டாடினார். ஆறு வருஷம் கழித்து அவருக்கு மூச்சிளைப்பு வந்தது. கிளியின் இறகுத்தூள் ஆகாது, அதைக் கொடுத்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராஜரத்தினம் அப்ரோஸ் பேகத்துக்குப் போன் போட்டார். பேகம் அந்த வாரம் கடையநல்லூரில் ஒரு கல்யாணத்தில் இருந்ததால், தான் பார்க்காமல் எந்தக் கிளியையும் ஏற்பதில்லை என்ற கட்டுப்பாட்டை முதல்முறையாகத் தளர்த்தி, நேரே செலினா வீட்டில் விடச் சொன்னார். நிரந்தர வீடு அமையும்வரை கிளிகளை வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களில் செலினாதான் அவருக்கு வலது கை.

செலினாவுக்கு வேலை ஒரு பேண்டேஜ் யூனிட்டில். செக்கிங் மேஜை. விளக்கு வெளிச்சத்தில், புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியை விரித்துப் பிசிறு பார்ப்பது. ஒரு நூல் தொங்கினாலும் எடுத்துவிட வேண்டும்; காயத்துக்குள் நூல் போனால் வம்பு. பதினான்கு வருஷமாக முகம் தெரியாத ஆட்களின் காயத்துக்கெல்லாம் பிசிறு பார்த்தவள் அவள்.

அப்படிப்பட்டவள்தான் சஃபாரியின் காலுக்கு அதைச் செய்தாள். புது வீட்டில் சஃபாரி நடுங்கிக்கொண்டே இருந்தது. கூண்டு மூலையில் மெத்தென்று ஏதாவது இருந்தால் ஒண்டிக்கொள்ளுமே என்று, யூனிட்டில் கழித்துப்போட்ட காஸ் துண்டுகளைக் கொண்டுவந்து ஒரு குட்டித் தொட்டில் கட்டிவிட்டாள். புண்ணுக்கே இதமான துணி, கிளிக்கா கெடுதல் செய்யும்? கிளிக்கும் அது ஒரேயடியாகப் பிடித்துப்போனது. முகத்தைப் புதைத்துக்கொண்டு, அலகால் நூல் நூலாக உருவி விளையாடியது. அப்புறம் ஒற்றைக் காலில் நிற்க ஆரம்பித்தது. கிளி நிம்மதியாக இருந்தால் ஒரு காலைத் தூக்கிக்கொண்டுதான் தூங்கும் என்று பேகமே சொல்லியிருக்கிறார். நிம்மதியாகிவிட்டது என்று செலினா மூன்று நாள் சந்தோஷப்பட்டாள். அந்த மூன்று நாளை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குச் சோறு இறங்காது.

நாலாம் நாள் பார்த்தபோது இடது காலில் ஒரு விரல் கறுத்து வீங்கியிருந்தது. அடியில், சதைக்குள் புதைந்து, ஒரு வெள்ளை நூல். ஊசிமுனையால் நெம்பி எடுத்து, அடுப்பில் போட்டாள். தொட்டிலையும் அவிழ்த்துப் போட்டாள். அதற்குப் பிறகுதான் பேகத்துக்குப் போன் செய்தாள்.

"என்னட்டி சொல்லுத? நூலா? நூலு எங்கேருந்து வந்துச்சு?" என்றார் பேகம்.

செலினாவின் வாய் அவளைக் கேட்காமலே முந்திக்கொண்டது. "வரும்போதே கால்ல இருந்துருக்குக்கா. நான் கவனிக்கல. அந்த அண்ணாச்சி வெயில்ல விடும்போது நூல் போட்டுக் கட்டுவேன்னு சொன்னாரு."

அவர் சொன்னது நிஜம்தான். கிளியை ஒப்படைத்த அன்று, மறைக்கத் தெரியாத மனிதர், தாமாகச் சொன்னார். அந்த நிஜத்தைப் பிடித்துத்தான் செலினா பொய்யை ஏற்றினாள். மதுரையில் பறவை டாக்டர் விரலை எடுத்துவிட்டார். பேகம் ராஜரத்தினத்தைப் போனிலேயே வறுத்தெடுத்தார். ஒருமுறை கிளியைப் பார்க்கட்டுமா என்று அந்த மனிதர் நாலு மாதத்தில் எத்தனையோ தடவை கேட்டுவிட்டார். "பார்த்தது போதும்" என்று பேகம் ஒவ்வொரு தடவையும் போனை வைத்துவிட்டார்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். செலினா விஷயத்தில் அது அப்படியே பலித்தது. நாலு மாதமாக அவள் சர்ச்சில் இராப்போஜன அப்பம் எடுக்கவில்லை. எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது தலைவலி என்று வெளியே வந்துவிடுவாள். "ஆராதனைன்னா மட்டும் வார தலைவலி, என்ன தலைவலியோ" என்று புருஷன் ஜெபதுரை கேலி செய்தான். அவனிடமும் சொல்லவில்லை. இன்றும் ஞாயிறு. இன்றும் அப்படி நழுவி வந்துதான் பஸ் ஏறியிருந்தாள்.

இப்போது பேகம், காயத்தோடு வந்த கிளியைக் காப்பாற்றியவள் என்று, சஃபாரியை அவளுக்கே நிரந்தரமாகக் கொடுக்கப்போகிறார். அவளும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. அந்தக் கிளி இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மாடி ஏறியபோது, வாசல் ஓரத்து நாற்காலியில் ராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார். மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தார்.

"இன்னைக்குக் கைமாத்துறோம்னு வாய்தவறிச் சொல்லிட்டேன். பஸ் ஏறி வந்துட்டாரு. வந்த மனுசன எப்படி வெரட்ட?" என்று பேகம் செலினாவிடம் முணுமுணுத்தார். "ஓரமா உக்காந்து பாத்துட்டுப் போகட்டும்."

கூண்டைக் கீழே வைத்ததும் சஃபாரி அவரைக் கண்டுகொண்டது. கம்பியைப் பிடித்து இறங்கி, அவர் பக்கத்து மூலைக்கு வந்து தலையைச் சாய்த்து நின்றது. அவர் எழுந்து வரவில்லை. அதன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேகம் கண்ணாடியை மாட்டித் தாளை எடுத்தார். "சஃபாரி. ஆண். வயசு ஏழு. புது ஆளக் கண்டா கடிக்கும். சாயங்காலம் கத்தும். இடது கால்ல ஒரு விரல் இல்ல. முந்தி இருந்த வீட்டுல..." நிறுத்தினார். எதிரே ஆள் இருக்கும்போது வாசிக்க அவருக்கே நாக்கு எழவில்லை.

"வாசிங்க தாயி" என்றார் ராஜரத்தினம். "முந்தி இருந்த வீட்டுல கட்டுன நூலால போச்சுன்னு வாசிங்க. நான் செஞ்சதுதான. பறந்துருமோங்கிற பயத்துல நூல முறுக்கிக் கட்டுவேன். அவுத்துட்டேன்னுதான் நெனச்சேன். ஒரு புரி உள்ளயே இருந்துருக்கு. அது வாயில்லாச் சீவன், என்னைய நம்பிக் கால நீட்டுச்சு." மூச்சு வாங்க நிறுத்தினார். "அதுகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன். இப்ப மிசின்ல உக்காந்தா நூல் கோக்க முடியல, கை உதறுது. கடைய மூடிட்டேன்."

தன் பொய் தாளில் மட்டும்தான் இருக்கிறது என்று செலினா நினைத்திருந்தாள். அது ஆலங்குளம்வரை போய் ஒரு தையல் மிஷினை நிறுத்தியிருக்கிறது.

"அண்ணாச்சி, அது உங்க நூலு இல்ல" என்றாள்.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"எங்க யூனிட் காஸ் துணி. நான்தான் கூண்டுல தொட்டில் கட்டுனேன். அதுல உருவி வந்த நூலு. நான்தான் எடுத்து அடுப்புல போட்டேன். பயத்துல உங்க மேல பழியத் தூக்கிப் போட்டுட்டேன்." அழுதுவிட்டாள்.

ராஜரத்தினம், துணி தைக்கக் கொடுக்க வந்தவரிடம் கேட்பதுபோல் மெதுவாகக் கேட்டார்: "என்ன கலரு தாயி, அந்த நூலு?"

"வெள்ளை."

"நான் கட்டுனது கருநூலு. எப்பவும் கருநூலுதான். வெயில்ல வெள்ளை கண்ணுக்குத் தெரியாதுல்ல." கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். "என்ன கலருன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். எனக்கே கேக்கத் தோணலயே. நான்தான், நான்தான்னே இருந்துட்டேன்." துண்டை இன்னும் மேலே இழுத்துக் கண்ணையும் சேர்த்து மூடிக்கொண்டு அழுதார். திட்டுவார் என்று செலினா காத்திருந்தாள். அவர் நெஞ்சு லேசாகி அழுதார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

பேகம் தாளையும் பேனாவையும் அவள் முன்னால் வைத்தார். "அந்த வரிய அடி. நடந்தத உங்கையால எழுது. வாசி."

எழுதினாள். "இடது காலில் ஒரு விரல் இல்லை. செலினா வீட்டில் கட்டிய காஸ் துணி நூலால் போனது. அவள் அதை மறைத்தாள்." கடைசி வரியை வாய்க்குள்ளேயே முணுமுணுத்தாள். பேகம் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தாள்.

"தொட்டில் கட்டுனதுக்கு எனக்குக் கோவம் இல்லட்டி" என்றார் பேகம். "ஒரு வார்த்தை எங்கிட்டச் சொல்லியிருந்தா, காஸ் துணி ஆகாதுன்னு எல்லா வீட்டுக்கும் சொல்லியிருப்பேன். ராஜபாளையத்துல இன்னும் மூணு வீட்டுல என் கிளி இருக்கு. மூணு வீடும் பேண்டேஜ் வேலைக்காரவுகதான். அதுக்குத்தான் கோவம்." அங்கேயே நின்று மூன்று வீட்டுக்கும் போன் போட்டார். மூன்றாவது வீட்டில், ஆமாம், கூண்டுக்குள் துணி கிடக்கிறது, இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றார்கள்.

"அண்ணாச்சி, நீங்க வாரா வாரம் வந்து பாத்துட்டுப் போங்க. ஜன்னல்கிட்ட, காத்தோட்டமா" என்றார் பேகம். செலினாவைப் பார்க்காமலே, "கிளி இங்க இருக்கட்டும்" என்றார்.

அவள் தலையாட்டினாள். கிளம்பும்முன் கூண்டருகே குனிந்தாள்.

விரலை எடுத்த பிறகு ஒரு மாதம் காலையும் மாலையும் மருந்துத் தண்ணீரால் துடைத்துவிட்டவள் அவள். புண் ஆறிப் போன பின்னும் சஃபாரி அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவள் குனிந்தால் போதும், துடைத்துவிடச் சொல்லிக் காலை நீட்டும். அவளும் வெறும் தண்ணீரால் துடைத்துவிடுவாள். இப்போதும் நீட்டியது. அந்த இடது காலைக் கம்பிக்கு வெளியே விட்டு, அவள் விரலைப் பிடித்துக்கொண்டது.

பிடியை விடுவிக்க அவளுக்கு நெடுநேரம் ஆனது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.