நத்தை சொல்லிக்கொடுத்த சூப்

ஒரு நத்தை சமையல் பண்ணுகிறது. அதுதான் படம். பிரான்ஸ் தேசத்துப் பெரிய ஓட்டலில் ஒரு பொம்மை நத்தை கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மனசுக்குப் பிடித்த வேலையைச் செய்தால்தான் வாழ்க்கை என்று பேசுகிறது. எங்கள் வாழைத்தோப்பில் நத்தையைப் பார்த்தால் பொறுக்கி நசுக்குவோம். அதன் பேச்சைக் கேட்டு என் மகன் சுரேஷ்கண்ணன் வேலையை விடப்போகிறேன் என்றான். வயது முப்பத்தாறு. ஆண்டிபட்டிப் பக்கம் நூல் மில்லில் சூப்பர்வைசர்.

"நத்தையே சமைக்குதுய்யா. நான் சமைக்க மாட்டனா?"

"ஏலே, அதுக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கா? நீ அரிசி வாங்கணும்ல."

வைகை அணைப் பக்கம் ஓட்டல் நடத்தும் வைகுண்டராஜ், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு வெளிநாட்டுச் சாப்பாடு போட ஆள் தேடினார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். பிடித்துவிட்டால் மில்லுக்கு முழுக்கு.

அன்று காலையில் மூன்று கிலோ பெரிய வெங்காயத்தை அரிந்து, வெண்ணெயில் இரண்டு மணி நேரம் வதக்கினான். கேஸ் யார் வாங்கிப் போட்டது? கடைசியில் வந்தது பழுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர். அதற்குப் பேர் சூப்.

முதல் சமையல், வீரபாண்டி அம்மன் படத்துக்குப் படைத்த பிறகுதான் மனுசருக்கு என்று என் பெண்டாட்டி பஞ்சம்மாள் சொல்லிவிட்டாள். படைக்கிறதை முன்னாலேயே நாக்கில் வைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் அப்படித்தான். உப்பெல்லாம் கைக்கணக்கு. அவன் போட்டான். இன்னும் வெண்ணெய் எடுக்க அவன் ஃபிரிட்ஜுக்குப் போன நேரத்தில், பயல் மறந்திருப்பான் என்று அவளும் ஒரு கை அள்ளிப் போட்டாள்.

இரண்டையும் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை. மில் வேலை தங்கட்டும்.

படையல் முடிந்து, வைகுண்டராஜ் ஒரு வாய் உறிஞ்சினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஆத்தி, மொதலாளி மொகத்தச் சுளிக்கிறாகளே!" என்றாள் பஞ்சம்மாள்.

"உப்பளத்தையே கரைச்சு வச்சிருக்க. ருசி பாக்கலயாப்பா?"

"சாமிக்குப் படைக்கிறதுக்கு முன்னால எப்படிண்ணே பாக்குறது?" என்றான் மகன்.

"என் ஓட்டல்ல சாமியா வந்து சாப்பிடுது?"

வாயைக் கொப்பளிக்க அடுப்படிக்குப் போனவர், அரிந்ததில் மிச்சம் கிடந்த வெங்காயத்தை அள்ளிப் பார்த்தார். எல்லாம் ஒரே கனம்.

"சமையலுக்கு நீ வேணாம். காய் அரியுறதுக்கு ஆள் இல்ல. வர்றியா?"

மூஞ்சி தொங்கும் என்று பார்த்தால், பயல் சிரிக்கிறான். "என்னைக்குண்ணே வரணும்?"

"மில்லுல அறுவது பேர மேய்க்கிறவன், அங்கன போயி வெங்காயம் உரிக்கப் போறியாலே?"

"அடுப்புப் பக்கத்துலதான்யா நிப்பேன்."

திங்கட்கிழமை மில்லில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துதான் என்னிடம் சொன்னான். இப்போது தினமும் கண் சிவந்து வீடு திரும்புகிறான். அன்றைக்கு நான் வாயைத் திறந்து தொலைத்திருந்தால், இந்த மடையன் சமையல்காரனாகவாவது ஆகியிருப்பான்.