பம்புக்குள் காற்று

தம்பி கௌசிக் இறந்த அறையில், அவன் வாங்கிய கம்ப்யூட்டரில்தான் மானசா மூன்று வருடமாக வேலை பார்த்து வந்தாள். இன்னும் கட்டாத வீடு உள்ளே எப்படி இருக்கும் என்று பில்டர்களுக்குப் படமாகச் செய்து கொடுக்கும் வேலை. ஒரு படம் உருவாக நாலைந்து மணி நேரம் ஆகும். அத்தனை நேரமும் கிராபிக்ஸ் கார்டின் மூன்று விசிறிகளும் ஹேர் டிரையர் மாதிரி இரையும். மே மாதம் அதுவும் போதவில்லை. சூடு எண்பத்தெட்டு டிகிரியைத் தாண்டியதும் பாதி வேலையில் கம்ப்யூட்டர் அணைந்துபோனது.

மும்பை தாராவியில் கார்டு ரிப்பேர் செய்யும் தௌஃபீக்கை யாரோ சொன்னார்கள். அவன் திலக் நகர் வீட்டுக்கே வந்து, பெட்டியைத் திறந்து பார்த்தான்.

"தண்ணி கூலிங் போட்டா சூடு இறங்கும், சத்தமும் இருக்காது. ஆனா முதல்லயே சொல்லிருதேன் அக்கா. கம்பெனி வச்ச ஃபேனைக் கழட்டித்தான் இதை மாட்டணும். தண்ணியும் கரண்டும் ஒரே பெட்டிக்குள்ள இருக்கப் போவுது. சுத்தமான தண்ணி கரண்டைக் கடத்தாதும்பாங்க, நம்பாதீங்க. ஒரு மாசம் செம்புத் தகட்டுல ஓடுனா கடத்தும்."

"ஒழுகினா எப்படித் தெரியும்?"

"தண்ணி நிக்கிற சின்னத் தொட்டில மட்டம் குறையும். பம்புக்குள்ள காத்து போயி குளுகுளுன்னு கேக்கும். கேட்டா உடனே நிறுத்திட்டு போன் போடுங்க."

மாட்டி முடித்ததும், கார்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டான். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர். ஒரு சொட்டு ஈரமில்லை. உள்ளே மாட்டிக்கொண்ட காற்று வெளியேறும்வரை சத்தம் கேட்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அப்பா பத்ரி அறை வாசலில் வந்து நின்றார். கௌசிக் போன பிறகு அவர் அந்த அறைக்குள் வந்ததே இல்லை.

"என்னடி அது?"

"பம்புப்பா. காத்து வெளியே போறது. ரெண்டு நாள்ல நின்னுடும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் மானசாவுக்கும் உறைத்தது. கொரோனா இரண்டாம் அலையின் அந்த ஏப்ரலில் ஆஸ்பத்திரியில் இடம் கிடைக்காமல், இதே மூலையில் ஆக்சிஜன் சிலிண்டரை வைத்திருந்தார்கள். அதன் தலையில், ஆக்சிஜனை ஈரமாக்கி அனுப்பும் தண்ணீர் பாட்டில். கௌசிக் மூச்சிழுத்த ஆறு நாளும் அந்த பாட்டில் இப்படித்தான் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

இரண்டு நாளில் சத்தம் நின்றது. படங்கள் அணையாமல் முடிந்தன. ஐந்தாம் நாள் மத்தியானம் மறுபடி குளுகுளுவென்று கேட்டது. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தொட்டியில் மட்டம் இரண்டு விரல் இறங்கியிருந்தது. டிஷ்யூ பேப்பரை எல்லா இணைப்பிலும் ஒற்றினாள். ஈரமே இல்லை.

தௌஃபீக் வந்து டார்ச் அடித்துத் தேடினான். மறுபடி நிரப்பிவிட்டுப் போனான். மூன்றாம் நாள் மட்டம் மறுபடி இறங்கியிருந்தது.

"ஆவியா இவ்வளவு போவாது அக்கா," என்றான் போனில். அவன் குரல் தணிந்திருந்தது. "போன தண்ணி எங்கயாவது இருக்கணும்லா?"

கடைசி இரண்டு நாளும் கௌசிக் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தான். மாஸ்க்கை எடுத்தால் ஆக்சிஜன் அளவு சரிந்தது. ஸ்பூனில் உதட்டை நனைப்பதோடு சரி. மானசா போனை வைத்துவிட்டு, பெட்டியின் கண்ணாடிக்குள் மட்டம் குறைந்திருந்த தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை அவள். ஆனாலும் அன்று சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். வைத்ததற்கு வெட்கப்பட்டு உடனே எடுத்துக் கொட்டினாள்.

அடுத்த வாரம் மாதுங்காவில் ஒரு கிளையன்ட்டைப் பார்க்கப் போனவள், மீட்டிங் ரத்தாகி ஒரு மணி நேரத்தில் திரும்பினாள். அறையில் அப்பா கம்ப்யூட்டர் முன்னால் முழங்காலிட்டிருந்தார். பெட்டியின் பக்கக் கண்ணாடி கழற்றி வைத்திருந்தது. தொட்டி மூடி தரையில். கையில் ஊசியில்லாத சிரிஞ்ச், கௌசிக்குக் கஞ்சி கொடுத்தது. அதில் தண்ணீரை உறிஞ்சி பக்கத்திலிருந்த கிண்ணத்தில் விட்டுக்கொண்டிருந்தார்.

"அப்பா."

அவர் திடுக்கிடவில்லை. மூடியைத் திருகி வைத்தார். பம்பு மெல்லக் கொப்பளிக்க ஆரம்பித்தது. அதைக் கேட்ட பிறகுதான் திரும்பினார்.

"சிலிண்டர் தீர்ந்துபோச்சுன்னு உங்கிட்ட சொன்னேன். எப்போ தீர்ந்ததுன்னு சொல்லலை."

"எதுக்குப்பா இப்போ அது?"

"அன்னிக்கு விடியக்காலம் நான் தூங்கிப் போயிட்டேன், மானசா. நீ என்னை நம்பித்தான் போய்ப் படுத்தே. முழிச்சுப் பார்த்தா பாட்டில்ல சத்தம் இல்லே. எத்தனை நேரமா இல்லேன்னு எனக்குத் தெரியலை."

அவள் கண்ணாடியை எடுத்துப் பொருத்தினாள். கம்ப்யூட்டரை நிறுத்தியிருக்க வேண்டும், தெரியும். திரையில் படம் முக்கால்வாசி முடிந்திருந்தது. அது முடியட்டும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். ஆனால் அவள் ஓடவிட்டது படத்துக்காக இல்லை. அப்பா நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவளும் உட்கார்ந்தாள்.

மறுநாளும் அப்படியே ஓடியது. மூன்று மணிக்கு மேல் சத்தம் கரகரப்பானது. பம்பு தண்ணீரில்லாமல் அரைத்துக்கொண்டிருந்தது. குழாய்க்குள் நின்றுபோன தண்ணீர் சூடேறி, பிளாஸ்டிக் இளகி, கார்டுக்கு மேலிருந்த முனையில் குழாய் கழன்றுகொண்டது. உஸ்ஸென்று ஒரு சீறல். கண்ணாடியின் உட்புறம் முழுக்க நீர்த்துளிகள். அடியில் நீலமாக ஒரு பொறி தெறித்தது. கருகிய நாற்றம் வந்தது.

மானசா எழுவதற்குள் அப்பா சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டார். அணைத்த விரலை எடுக்காமல் அப்படியே நின்றார்.

தௌஃபீக் மாலையில் வந்து எல்லாவற்றையும் பிரித்து நியூஸ் பேப்பர்மேல் பரப்பினான். கார்டில் ஒரு வரிசை சிப்புகள் கருத்திருந்தன. மதர்போர்டும் போயிருந்தது. அவன் நெடுநேரம் குழாய் முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"குழாயைப் பிடிக்கிற கிளாம்பை நான் இன்னும் இறுக்கியிருக்கணும். எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்காம ஓட்ட விட்டது என் தப்புதான்."

மானசா வாயைத் திறந்தாள். சொன்னால் அப்பாவை ஓர் அந்நியன் முன்னால் நிறுத்த வேண்டும். அவள் தயங்கிய நேரத்தில் பத்ரியே பேசினார்.

"உங்க மேல தப்பில்லே. தண்ணியை நான்தான் எடுத்தேன்."

ஏன் என்று தௌஃபீக் கேட்கவில்லை. ஆனாலும் அவர் சொன்னார்: ஏப்ரல், சிலிண்டர், பாட்டில், தூக்கம் எல்லாவற்றையும். மகளிடம் சொன்னதைவிட விவரமாக, முழிக்கும்போது கழுத்து வலித்ததுவரை சொன்னார். தௌஃபீக் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"எங்க தெருவுலயும் அப்படித்தான் இருந்துச்சு பெரியவரே," என்றான் கடைசியில். குழாய்களைச் சுருட்டிப் பையில் போட்டான்.

அவன் போன பிறகு பத்ரி அந்த அறைக் கட்டிலிலேயே படுத்தார். கொஞ்ச நேரத்தில் தூங்கியும் போனார், சுவரைப் பார்த்து ஒருக்களித்து.

அறை அத்தனை அமைதியாக இருந்தது. கிளையன்ட்டிடம் ஒரு வாரம் தவணை கேட்க வேண்டும்; மானசா போனைக் கையில் எடுத்தாள். வாசல்வரை போனவள் நின்றாள். அப்பாவின் மூச்சு கேட்கவில்லை. திரும்பி வந்து குனிந்து பார்த்தாள். விலா ஏறியது, இறங்கியது. நாற்காலியைக் கட்டிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள்.