ஒன்பதால் வகுபடும் பகா எண்

1

இந்தக் கதை ஒரு மனை விளம்பரத்திலிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருப்போரூரைத் தாண்டியதும் சாலையோரம் அந்தப் பலகை: 'பகா நகர். யாராலும் வகுக்க முடியாத எண், யாரும் பங்கு கேட்க முடியாத மண்.' அதன் கீழேயே நிலத்தைக் கூறுபோட்ட வரைபடம். இதற்கு மேல் எழுத்தாளனுக்கு என்ன வேலை மிச்சம்? ஆனாலும் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: கடற்காற்றில் மிதந்து வந்த உளியோசை பல்லவர் காலத்து—

(நிறுத்து. மாமல்லபுரம் என்றதும் பல்லவரைக் கூப்பிடுகிறவர்கள் அங்கே ஒரு பட்டறைக்குள்ளும் நுழைந்ததில்லை. அங்கே கேட்பது கிரைண்டர் மெஷின்.)

இரண்டாவது தொடக்கம்: சதாசிவம், ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர், கேளம்பாக்கத்தில் ஒரு பிளாட்டில் குடியிருப்பவர். மனை வியாபாரி ஜெகதீசன் பகா நகரின் நுழைவாயில் கல்லில் வெட்ட ஒரு பெரிய பகா எண் கேட்டபோது, முப்பத்தொன்பது இலக்கத்தில் ஒன்று கொடுத்தார். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் வகுபடாதது. அவர் கண்டுபிடித்ததல்ல, நூற்றைம்பது ஆண்டுகளாக உலகம் அறிந்த எண். ஆனாலும் அவர் கேட்ட கூலி, கல்லின் அடியில் 'எண் அளித்தவர்: பேராசிரியர் சதாசிவம்' என்ற வரி. முப்பது வருடம் பாடம் நடத்தியும் அவர் பெயர் எங்கேயும் பொறிக்கப்படவில்லை. (இங்கே இரக்கம் வர வேண்டும் என்பது திட்டம். எனக்கு வரவில்லை.)

3

திறப்பு விழாவுக்கு முந்தின நாள், தன் பெயரைப் பார்க்க மாமல்லபுரத்துக் கல் பட்டறைக்குப் போனார். பார்த்தது எண்ணை. நடுவில் ஒரு ஒன்று, ஒன்பதாகியிருந்தது.

"இன்னா சார் அப்பிடிப் பாக்குறீங்க?" என்றார் ஜெகதீசன். "நம்ம ஜோசியரு சொன்னாரு. மண்ணுக்குச் செவ்வாய், செவ்வாய்க்கு ஒம்போது. எல்லாத்தையும் கூட்டுனா ஒம்போதுல நிக்கணுமாம். உங்க நம்பரு ஒன்னுல நிக்கிது."

"ஒன்னு தலையில ஒரு சுழி போட்டேன், ஒம்போது ஆயிட்ச்சி" என்றார் கல் வெட்டிய அருணகிரி. "கல்லு வேஸ்ட் ஆவல."

"கூட்டினா ஒன்பது வந்தா அது ஒன்பதால வகுபடும்யா! ஆறாங்கிளாஸ் பாடம். இது பகா எண்ணே இல்ல."*

"அதுல இன்னா கீது சார்? நானும் பிளாட் பிளாட்டா வகுத்துதான வித்துகினு கீறேன்."

பட்டறை முழுக்கச் சிரித்தது. சதாசிவத்தின் காது சிவந்தது.

"பழையபடி மாத்துங்க."

"போட்ட சுழிய எப்டி சார் எடுக்கறது? வேற கல்லுதான்" என்றார் அருணகிரி.

"வேற கல்லா? காத்தால விழா சார்!" என்றார் ஜெகதீசன். "உங்களுக்குப் பேஜாரா இருந்தா சொல்லுங்க, உங்க பேர வேணா எடுத்துடலாம். அருணகிரி, மெஷின எடுப்பா."

* ஜோசியர் கேட்ட மாதிரி, கூட்டினால் ஒன்பதில் நிற்கும் பகா எண் இந்த உலகத்தில் இல்லை. இனியும் பிறக்காது. ஜோசியருக்கு மட்டும் தொழில் குறையாது.

4

முடிவு அ: மறுநாள் மேடையில் சதாசிவம் மைக்கைப் பிடித்து உண்மையை உரக்க—

(அடித்துவிட்டேன். எத்தனையோ திறப்பு விழாக்களில் உட்கார்ந்திருக்கிறேன். பொன்னாடை போர்த்தியபின் யாரும் உண்மை பேசிக் கேட்டதில்லை.)

முடிவு ஆ: "எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறுகிறார். அழகாக இருக்கிறது. பத்திரிகைக்காரர்கள் சந்தோஷமாகப் போடுவார்கள். அதனாலேயே எனக்குச் சந்தேகம்.

முடிவு இ: மெஷின் சுழல்கிறது. சதாசிவம் குனிந்து தன் பெயரைத் தடவிப் பார்க்கிறார். விரலில் கல்தூள். "இருப்பா," என்கிறார். "பி.எச்டி. போடலியே?"

5

எது நடந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. கல்லில் இருக்கும் எண் இது:

170141183460469239731687303715884105727

கூட்டிப் பாருங்கள். கூட்டாமலேயே இந்த வரிக்கு வந்திருப்பீர்கள். அந்தத் தைரியத்தில்தான் ஜெகதீசன் கல் நடுகிறார். அதே தைரியத்தில்தான் சதாசிவமும் கல்லைவிட்டு நகராமல் நிற்கிறார்.

மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. "பேரு இருக்கட்டா, எடுத்துடட்டா?" என்று கேட்கிறார் அருணகிரி.

கூட்டி முடித்தவர்கள் மட்டும் பதில் சொல்லலாம்.