அரைச் சுற்று

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு பல்பிலிருந்து வந்தது. இதற்கு முன் எழுதிய ஆறு பிரதிகளிலும் வானத்திலிருந்து வந்தது என்றுதான் எழுதியிருந்தேன். வானம் என்றால் கேட்க நன்றாக இருக்கும், யாரும் மேற்கொண்டு விசாரிக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்று. கதையில் வரும் மனிதர் நான்தான். ஆனாலும் 'அவர்' என்றே எழுதப்போகிறேன். மரியாதைக்காக இல்லை. 'நான்' என்று தொடங்கினால் மூன்றாவது வரியிலேயே எனக்காக வாதாட ஆரம்பித்துவிடுகிறேன். அவர் என்றால் கொஞ்சம் தாராளமாகத் திட்டலாம்.

முதல் வரிக்காக எழுதி வைத்தவை இவை:

"ஆயிரத்து முந்நூறு ஒளியாண்டுகளுக்கு அப்பால், நட்சத்திரங்கள் பிறக்கும் ஓர் இடத்தில்" (அடித்துவிட்டேன். பாடப் புத்தகம்.)

"சிறு வயதிலிருந்தே அவருக்கு வானத்தின் மீது ஒரு" (பச்சைப் பொய். நாற்பத்தைந்து வயது வரை அவர் அண்ணாந்து பார்த்ததெல்லாம் மின்விசிறியைத்தான்.)

"அன்று மாலை வானம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அதனால்தான்" (இங்கே பேனா நின்றுவிட்டது. வானத்தின் மேல் பழியைப் போடப் பார்க்கிறேன்.)

2

அவருக்குப் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சைப் பார்த்து, மெழுகில் ஈறு வைத்து, பல்லைப் பல்லாக அடுக்கி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். இருபது வருடமாக முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் யாருடைய கடைவாயாவது இருந்துகொண்டே இருந்தது. கண் வலி வந்தது. கண் மருத்துவர் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றும் இல்லை, அவ்வப்போது தூரத்தில் எதையாவது பாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். இவர் அந்தப் பேச்சைக் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டார் என்று மனைவி இன்றும் சொல்லிக் காட்டுவாள்.

முதலில் ஒரு பைனாகுலர் வாங்கினார். ஓரியன் கூட்டத்தில் மூன்று நட்சத்திரங்கள் இடுப்புப் பட்டைபோல வரிசையாக நிற்குமே, அதற்குக் கீழே ஒரு புகைத் திட்டு தெரிந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்துத் துடைத்துவிட்டுப் பார்த்தார். போகவில்லை. அது நெபுலா என்றும், வாயுவும் தூசியும் சேர்ந்த மேகம் என்றும் படித்துத் தெரிந்துகொண்டபோது, தன் வீட்டு பால்கனியில் நின்றே அதைப் பார்த்துவிட்டோம் என்பதில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு சின்ன டெலஸ்கோப், பூமி சுற்றுவதற்கு ஈடாக அதைத் திருப்பும் மோட்டார், கேமரா என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. துணி காயப்போடும் கொடி பால்கனியை விட்டு வெளியேறியது. குடியிருப்பில் எல்லோரும் அவரை டெலஸ்கோப்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பல் செட்காரர் என்பதற்கு இது எவ்வளவோ மேல்.

(இந்தப் பகுதியை எழுதும்போது கை சரளமாக ஓடுகிறது. இதை இப்படியே பத்துப் பக்கம் எழுதலாம். ஆறு முறை எழுதியும் இருக்கிறேன்.)

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மாதிரிப் படத்தை ஒரே கிளிக்கில் எடுக்க முடியாது. இரண்டு நிமிடம், இரண்டு நிமிடமாக எண்பது, நூறு படங்கள் எடுக்க வேண்டும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் வெறும் புள்ளியும் மண்ணுமாக இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் வேலையை ஒரு மென்பொருள் செய்யும். எல்லாப் படத்திலும் இருப்பதை அது வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு படத்தில் மட்டும் வந்துபோனதை, குறுக்கே பறந்த விமானத்தையோ யாரோ அடித்த டார்ச்சையோ, வேண்டாததென்று தள்ளிவிடும்.

3

பால்கனியை ஒட்டி வெளிப்படிக்கட்டு. அது இரண்டாம் மாடியிலிருந்து மூன்றாம் மாடிக்குத் திரும்பும் இடத்தில், சுவரில் ஒரு பல்பு. அதன் வெளிச்சம் நேராக லென்ஸில் விழுந்தது. அட்டை வைத்து மறைத்துப் பார்த்தார், கறுப்புத் துணி கட்டிப் பார்த்தார். கடைசியில், பால்கனியிலிருந்து கையை நீட்டினால் பல்பு எட்டுகிறது என்று கண்டுபிடித்தார். அரைச் சுற்று திருகினால் அணைந்துவிடும். கழற்றவில்லை, உடைக்கவில்லை, கொஞ்சம் தளர்த்துகிறோம், அவ்வளவுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். வேலை முடிந்ததும் மறுபடி அரைச் சுற்று.

பத்தொன்பது மாலைகள் இப்படி நடந்தது. பல்பு வருகிறது, போகிறது என்று மூன்றாம் மாடியில் புகார் சொன்னார்கள். காவலாளி இரண்டு முறை பகலில் வந்து பார்த்தார், ஒரு முறை புதுப் பல்பும் போட்டார். பகலில் அது நன்றாகத்தான் எரிந்தது.

4

மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரர் இருக்கிறார். ஐம்பத்தெட்டு வயது. குடியிருப்புக்கே அக்கா. அந்த மாலை எட்டரை மணிக்கு, வெட்ட வேண்டிய துணிகளைப் பையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தவர்

விபத்து நடந்தது.

(நடந்ததாம். அதுவாகவே நடந்து வந்ததுபோல எழுதுகிறேன் பாருங்கள்.)

டெலஸ்கோப்காரர் பல்பை அணைத்து வைத்திருந்ததால் அக்கா படி தெரியாமல் விழுந்தார். வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு முறிந்தது.

சத்தம் கேட்டு முதலில் ஓடியவர் டெலஸ்கோப்காரர்தான். கைபேசி டார்ச்சைப் போட்டுக்கொண்டு போய் அக்காவைத் தூக்கி உட்கார வைத்தார். சிதறிய துணிகளைப் பொறுக்கினார். காவலாளி வண்டி பிடித்து வந்தார். மனைவியும் காவலாளியும் அக்காவை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்கள். வண்டியில் ஏறும்போது அக்கா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லவேளை தம்பி, நீயாவது வந்தே" என்றார்.

பல்பைப்போலவே, இனி எழுதப்போவதும் இந்த ஏழாவது பிரதியில் மட்டும்தான் இருக்கிறது.

வண்டி போனதும் அவர் வீட்டுக்குள் வந்தார். கேமரா பாட்டுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. முப்பத்தாறாவது படம். அவர் பால்கனிக்குப் போனார், பல்பைப் பார்த்தார், கையை நீட்டவில்லை. அன்று வானம் அந்த வருடத்திலேயே சுத்தமாக இருந்தது. எண்பத்து நான்கு படங்களும் முடியும்வரை படிக்கட்டு இருட்டாகவே கிடந்தது. மருத்துவமனையிலிருந்து அவர்கள் திரும்புவதற்குப் பத்து நிமிடம் முன்னால்தான் முறுக்கினார். கட்டுப்போட்ட கையோடு அக்கா வெளிச்சத்தில் படியேறினார்.

பல்பைத் தளர்த்தியதைக்கூட விளையாட்டுப் புத்தி என்று சொல்லிக்கொள்ளலாம். இதை என்னவென்று சொல்வது?

5

மறுநாள் குடியிருப்பின் கூட்டம். காவலாளியை நிற்க வைத்துக் கேட்டார்கள். அவர் பல்பை மாற்றியதையும் பார்த்ததையும் திரும்பத் திரும்பச் சொன்னார். யாரும் நம்பவில்லை. டெலஸ்கோப்காரர் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சும்மா இருந்திருக்கலாம்.

"ஹோல்டரை மாத்திப் பாருங்க. வயசானவங்க நடமாடுற இடம், கொஞ்சம் கவனமா இருக்கணும் இல்லையா" என்றார்.

காவலாளி தலையை ஆட்டினார். அன்றே ஹோல்டரை மாற்றினார். அக்காவிடம் போய் மன்னிப்புக் கேட்டார். ஆறு வாரம், தினமும் அக்கா வீட்டுக்குத் தண்ணீர்க் கேனும் காய்கறியும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறினார். டெலஸ்கோப்காரர் வழியில் பார்த்தால், பாவம், நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொள்வார்.*

* நினைத்துக்கொண்டேன். இந்த இடத்தில் 'அவர்' தாங்கவில்லை.

6

படம் நன்றாக வந்தது. அதுதான் கொடுமை. மோசமாக வந்திருந்தால் அழித்திருப்பார். ரோஜா நிறத்தில் மேகம், நடுவில் நான்கு நட்சத்திரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு, ஓரத்தில் இழை இழையாகத் தூசி. அக்கா அதை மனைவியின் கைபேசியில் பார்த்துவிட்டு எனக்கும் ஒன்று வேண்டும் என்றார். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சட்டம் போட்டுக் கொடுத்தார். இப்போது அது தையல் இயந்திரத்துக்கு மேலே தொங்குகிறது. அளவு கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் அக்கா சொல்வதுண்டு: "கீழ் வீட்டுத் தம்பி எடுத்தது. நான் விழுந்தப்போ தூக்கினதும் அவர்தான்."

கட்டுப் பிரித்து நான்கு மாதம் ஆகிறது. அக்கா இன்னும் கத்தரி பிடிப்பதில்லை. வெட்டுவதற்கு வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு, நேர்த்தையல் மட்டும் போடுகிறார். ஒருநாள் கையைக் காட்டினார். "முழுசா திரும்ப மாட்டேங்குது தம்பி. பாதி வரைக்கும்தான் வருது."

(தலைப்புக்குப் பொருத்தமாக நான் சேர்த்தது என்று நினைப்பீர்கள். அப்படி இருந்தால் எவ்வளவு நிம்மதியாக இருக்கும்.)

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் அவர் உண்மையைச் சொல்கிறார். அக்கா கண் கலங்கி, போகட்டும் தம்பி என்கிறார். எழுதி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. அதனாலேயே சந்தேகம் வந்தது. அக்காவின் வாயில் என் மன்னிப்பை நானே எழுதி வைத்துவிட்டு நானே வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவதில் காவலாளி தானாகக் கண்டுபிடிக்கிறார். அது என் சோம்பேறித்தனம்.

மூன்றாவதில் அவர் டெலஸ்கோப்பை விற்றுவிடுகிறார். மனைவியிடம் படித்துக் காட்டினேன், மற்ற எல்லாப் பிரதிகளையும்போல பல்பு இல்லாமல்தான். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா நல்லா எடுக்கிற மனுஷன் எதுக்கு விக்கணும்? இதுல யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

அப்போதுதான் உறைத்தது. என் ஏழு பிரதிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வானம் இருக்கும், பால்கனி இருக்கும், கண் மருத்துவர்கூட இருப்பார். பல்பு இருக்காது.

8

இனி 'அவர்' வேண்டாம்.

நான்கு நாளைக்கு முன், அந்த எண்பத்து நான்கு படங்களையும் மறுபடி அடுக்கினேன். இந்த முறை, எதையும் தள்ளாதே என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டேன். படத்தின் இடது மூலையில் வெளுப்பாக ஒரு கறை வந்தது. முப்பத்தோராவது படம். படிக்கட்டில் நான் அடித்த கைபேசி டார்ச்சின் வெளிச்சம். அதை அச்சிட்டு, பழைய படத்துக்குப் பதிலாக இதை மாட்டலாம் என்று அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் கேட்பார், நான் சொல்லிவிடலாம் என்று திட்டம்.

அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "இது என்ன தம்பி, ஓரத்துல ஒரு வெளிச்சம்? பழசு நல்லாத்தானே இருந்துச்சு?"

கேட்டுவிட்டார். நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தேன் அக்கா என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவந்தேன். வந்து இந்தப் பிரதியை எழுத உட்கார்ந்தவன்தான். நான்கு நாளாக அந்தப் பால் பொங்கிக்கொண்டிருக்கிறது.

இந்த மாதிரிக் கதைகளில் முடிவை உங்களிடம் விட்டுவிடுவது வழக்கம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் ஒருமுறை காவலாளியின் தலையில் போட்டாயிற்று. உங்கள் தலையிலும் போட வெட்கமாக இருக்கிறது. அதனால் முடிவு உங்களுக்குக் கிடையாது.

மணி ஆறேமுக்கால். வெளியே பல்பு எரிகிறது. மேலே தையல் இயந்திரம் விட்டு விட்டு ஓடும் சத்தம் கேட்கிறது. காவலாளி கீழே வாசலில் இருக்கிறார். போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

இத்தனை நாளாகத் தேடிய முதல் வரி இப்போது கிடைத்துவிட்டது. "அக்கா, அன்னைக்கு அந்தப் பல்பை அணைச்சது நான்தான்."

எழுதிவிட்டேன். ஆனால் இது எழுத வேண்டிய வரி இல்லை. பேனாவை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன்.