பொட்டுக்கு அடியில் ஆணி

சுங்கை காடுட் பட்டறையில் ரகுபதி தன் விமானத்தின் இறக்கை மீது மணல் மூட்டை ஏற்றும்போதெல்லாம், ஐந்து கிலோமீட்டர் தள்ளி, சுவா சூ காங்கில் பதினோராம் மாடியிலுள்ள அவர் வீட்டுக் கூடம் நடுவில் மூன்று அங்குலம் தொய்ந்தது. மூட்டையை இறக்கியதும் தரை பழையபடி நிமிர்ந்துகொண்டது. அதிகாரிகள் வந்து மட்டம் பார்த்தார்கள். அவர்களுடைய பேனா உருண்டுபோய் நடுக்கூடத்தில் நின்றது. அதை எடுத்து, தொய்வு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது என்று அதே பேனாவால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காரணம் தேடிப் பெரிதாக அலைய வேண்டியதில்லை. பட்டறை கிடைப்பதற்கு முன், கனடாவிலிருந்து வந்த ஸ்ப்ரூஸ் மரம் பதினோரு மாதம் அந்தக் கூடத்தில்தான், செருப்பு அலமாரியிலிருந்து சமையலறை வாசல் வரை நீட்டிப் படுத்துக் கிடந்தது. ரகுபதியும் மனைவி சரசுவும் அதைத் தாண்டித் தாண்டியே குடித்தனம் நடத்தினார்கள். அத்தனை நாள் ஒன்றாகக் கிடந்தால் மரத்துக்கும் வீட்டுக்கும் ஒட்டுதல் வரத்தானே செய்யும்.

ரகுபதி ரயில் பெட்டிகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வருஷமாக ஓர் ஆள் மட்டும் உட்காரக்கூடிய விமானத்தைத் தன் கையாலேயே கட்டிக்கொண்டிருந்தார். அந்த மரம்தான் இறக்கைக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடும் சட்டமானது. ஸ்பார் என்பார்கள். அது முறிந்தால் விமானம் இல்லை, ஆளும் இல்லை. பக்கத்து மரக்கிடங்கில் தரம் பார்க்கும் ஃபாரூக் அதன் மேல் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நார் நேராக ஓடுகிறதா, குறுக்கே நகக்கீறல் மாதிரி ஏதாவது தெரிகிறதா என்று இரண்டு நாள் அங்குலம் அங்குலமாகப் பார்த்தான். பறக்கும்போது காற்று கீழேயிருந்து மேலே தள்ளும் என்பதால் இறக்கையைக் கவிழ்த்துப் போட்டு, ஐம்பத்தைந்து மூட்டை ஏற்றினார்கள். ஸ்பார் வளைந்தது, தாங்கியது, நிமிர்ந்தது. “பாஸ் லா,” என்றான் ஃபாரூக். சரசு கிளினிக்கில் ரத்தம் எடுப்பவள், ஒரு நாளைக்கு எண்பது கைகளில் ஊசி குத்தியும் விரல் நடுங்காதவள். ஆனால் விமானத்தைத் தானே ஓட்டப்போவதாக ரகுபதி சொன்ன நாளிலிருந்து பயத்தில் அவளுக்கு ராத்தூக்கம் இல்லை. அத்தனை சந்தோஷமாக இருக்கும் மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது என்று வாயை மூடிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. ரம்பம், இழைப்புளி, துளையிடும் இயந்திரம் எல்லாவற்றுக்கும் சந்தனம் தடவியாயிற்று. திருஷ்டிக்குக் கோத்து வந்த எலுமிச்சம்பழத்தையும் பச்சை மிளகாயையும் மட்டும் கட்ட இடமில்லை. ரகுபதி டீ வாங்கப் போயிருந்த நேரத்தில், சரசு கவிழ்ந்து கிடந்த இறக்கையின் நட்டநடுவில், ஸ்பாரிலேயே மூன்றங்குல ஆணி ஒன்றை அடித்தாள். பாரத்தை அடிப்பக்கம்தான் தாங்கும், மேல்பக்கம் சும்மாதானே இருக்கிறது என்று அவளாகவே முடிவு பண்ணி, மேல்பக்கமாகப் பார்த்து அடித்தாள். மூன்றாம் நாள் பழம் வாடியதும் ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஓட்டை தெரியாமல் குங்குமத்தைக் குழைத்து அப்பினாள். ரகுபதி அதைப் பார்த்தார். பொண்டாட்டி ஆசையாகப் பொட்டு வைத்திருக்கிறாள் என்று நினைத்து, பாவம், கண்ணில் ஒற்றிக்கொண்டு அதன் மேலேயே வார்னிஷ் அடித்தார். பிறகு இறக்கையைத் திருப்பிப் போட்டு, மேலும் கீழும் துணியை இழுத்து ஒட்டிவிட்டார்.

மறுநாள் காலை கூடத்துத் தரையின் நடுவில் தலைமுடி பருமனில் ஒரு விரிசல் இருந்தது. பார்த்ததும் சரசு பாயைப் போட்டு மூடினாள். வாரத்துக்கு ஒரு விரல் நீளம் அது வளர்ந்தது. மார்கழி பிறந்தபோது பத்தாம் மாடி ஆஸ்மா வதக்கும் மிளகாய்ச் சம்பல் வாசனை அதன் வழியாக ஏறி வந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் ஆஸ்மா வீட்டு விளக்கு வெளிச்சமே தெரிந்தது. ஜனவரி மூன்றாம் ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு, ஜொகூர் பக்கத்து ஓடுபாதையிலிருந்து பறப்பது என்று முடிவாகியிருந்தது. ரகுபதி முன்பின் தெரியாத பஸ் ஓட்டுநர்களிடம்கூடத் தேதியைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். சொன்னால் அவருடைய ஏழு வருஷத்தைக் கொன்றவள் ஆவாள், சொல்லாவிட்டால்... அதற்கு மேல் அவள் நினைக்கவே இல்லை. பொங்கல் பானையை இறக்கிய கையோடு ஃபாரூக்கைத் தேடிப் போனாள்.

“தம்பி, ஒரு சின்ன ஆணிதான். எலுமிச்சம்பழம் கட்டறதுக்காக அடிச்சேன்.”

ஃபாரூக் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தான். “எந்தப் பக்கம்க்கா?”

“மேல்பக்கம்தான். கீழ கையே வைக்கல.”

“அன்னிக்கு இறக்கை கவுந்துல்ல கெடந்துச்சு? நீங்க மேலன்னு நெனச்சதுதான்க்கா கீழ. பறக்கும்போது அந்தப் பக்கம்தான் இழுபடும்.”

“பசை வச்சு அடைச்சிரலாமா?”

“ஓட்டைய அடைக்கலாம்க்கா. ஆணி நாரப் பொளந்துக்கிட்டுப் போயிருக்கும், அத எப்படி அடைக்கிறது? அண்ணன்கிட்ட நான் சொல்லவா?”

“வேணாம், நானே சொல்றேன்,” என்றாள் சரசு.

சொன்னாள். ரகுபதி பட்டறைக்குப் போய்த் துணியைக் கிழித்து, பொட்டைச் சுரண்டி, ஓட்டையைப் பார்த்துவிட்டு, “ஏத்திப் பாத்துருவோம்,” என்றார். சரசு வீட்டுக்குத் திரும்பி, ஆஸ்மாவிடம் சாப்பாட்டு மேசையை ஓரமாக நகர்த்தச் சொல்லிவிட்டு, சமையலறை வாசலில் நின்றுகொண்டாள். ஃபாரூக் தொலைபேசியில் மூட்டைகளை எண்ணிக்கொண்டே வந்தான். இருபதில் தரை தொய்ந்தது. முப்பதில் பாய் நடுவில் கிழிந்தது. முப்பத்தொன்றில், அப்பளம் நொறுங்குகிற சத்தத்தோடு வீடு சுவருக்குச் சுவர் ஒரு சாண் பிளந்தது. டிவி அந்தப் பக்கம் போயிற்று, அடுப்பு இந்தப் பக்கம் நின்றது. முப்பத்தொரு மூட்டையில் ஸ்பார் முறிகிறது என்றால் ஜொகூர் நீரிணைக்கு மேல் முதல் திருப்பம், கிளம்பி நாலாவது நிமிஷம் என்று ஃபாரூக் கணக்குப் போட்டுச் சொன்னான்.

ரகுபதி ஞாயிற்றுக்கிழமை காலை, பறப்பதற்கென்று தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு பிளவுக்கு அந்தப் பக்கம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். இந்தப் பக்கம் சரசு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணியானது, ஒன்பது ஒன்று, இரண்டு, மூன்று. ஒன்பது நாலுக்கு அவர் ஒரே எட்டில் பிளவைத் தாண்டி வந்து சமையலறைத் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பயமா இருக்கு சரசு,” என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதே இல்லை.

“எனக்கு ஏழு வருஷமா இருக்குங்க,” என்றாள்.

பிளவு இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அதிகாரிகள் வந்து அளந்து, இதுவும் அனுமதிக்கப்பட்ட அளவுதான் என்று எழுதிக் கொடுத்தார்கள். நோன்பு மாதம் முழுக்க ஆஸ்மா கஞ்சியை அந்த வழியாகத்தான் மேலே நீட்டினாள். மின்தூக்கிக்குக் காத்திருக்கிற வேலை மிச்சம், கஞ்சியும் ஆறுவதில்லை.