சைவக் கிளி

விநாசித்தம்பி மீனைத் தொட்டு முப்பது வருஷமாகிறது. சைவக்காரி செல்வநாயகியைக் கைப்பிடித்த நாளோடு அதெல்லாம் நின்றுபோனது. அந்த வீட்டில் கிளிக்குக்கூட அதே சட்டம்தான்: சூரியகாந்தி விதை, கொய்யாப்பழம், பண்டிகை நாளில் ஒரு துண்டு வடை.

அந்தக் கிளி ஒரு காலையில் கம்பியிலிருந்து பொத்தென்று விழுந்தது. கால்கள் வில்லாக வளைந்திருந்தன. இருவரும் கூண்டோடு பறவை டாக்டர் தர்மினியிடம் ஓடினார்கள்.

எக்ஸ்ரேயைப் பார்த்த தர்மினி, "எலும்புல கால்சியமே இல்ல, ஆன்ட்டி. கூண்டுல ஒரு கணவாய் மீன் ஓடு கட்டி விடுங்க, கொத்தட்டும்," என்றாள்.

"கணவாயா? எங்க கிளி சைவம் லா, டாக்டர்!"

"அப்ப உங்க கிளி இனி நடக்காது, ஆன்ட்டி."

செல்வநாயகி கிளியைப் பார்த்தாள். முருகனிடம் ஏதோ முணுமுணுத்தாள். "எலும்புக்கு மருந்துன்னா பாவமில்ல," என்று தீர்ப்புச் சொல்லி, ஓட்டை அங்கேயே வாங்கிக் கூண்டில் கட்டினாள்.

திரும்பும் வழியில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் நாசி கண்டார் சோற்றுக்கடையிலிருந்து கணவாய்க் குழம்பு மணத்தது. அதுவரை விறுவிறுவென்று நடந்த விநாசித்தம்பி சட்டென்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"செல்வம், எனக்கும் கொஞ்ச நாளா முட்டி வலிக்குது லா."

செல்வநாயகி கூண்டை அவர் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"இந்தாங்க ஓடு. ரெண்டு பேரும் சேர்ந்து கொத்துங்க."