பதிலி அமீர் ஹம்சாவின் கோல்

பீளமேட்டில் வெங்கடபதி நாயுடுவின் ஆலை மைதானத்தில் இருந்த கோல் கம்பங்கள், அமீர் ஹம்சா பந்தோடு வந்தால் மட்டும் பின்னால் நகர்ந்தன. மற்ற யாருக்கும் அவை அசைந்ததில்லை.

ஐம்பதுகளின் நடுவில் இது தொடங்கியது. அப்போது ஆலைகள் பந்தாட்டக் குழு வைத்திருந்தன. ஆட்டக்காரர் பேருக்கு நூற்புப் பிரிவில் இருப்பார். மத்தியானச் சங்கு ஊதியதும் மைதானத்துக்கு வந்துவிடுவார். நன்றாக ஆடினால் வேலை நிரந்தரம். கோட்டைமேட்டு ஹம்சா வெறுங்காலோடு ஆடி நாயுடுவுக்குக் கோப்பைகள் வாங்கிக் கொடுத்தும் பதிலியாகவே வைக்கப்பட்டார். நிரந்தரத் தொழிலாளி எவராவது வராத நாளில்தான் அவருக்கு வேலை. கோல்கீப்பர் சென்னகிருஷ்ணன் நாயுடுவின் தூரத்து உறவு. அவர் வந்த மாதமே நிரந்தரமானார். ஹம்சா வெறுத்துப்போய் மதுக்கரையில் ஒரு சாக்கு ஆலையின் அணிக்கு மாறினார். பழைய ஆலைக்கு எதிராக ஒரே ஒரு கோல் போட்டால் நிரந்தரம் என்று அங்கே சொன்னார்கள். அவர் மனைவி தாஜுன்னிசா அதை நம்பிப் புதுப் பாத்திரங்கள் வாங்கினாள்.

நாயுடு செய்தி கேட்டுச் சிரித்தார். “போவட்டுங்க. அந்த மைதானத்துல புல்லுல இருந்து கோல் கட்டை வரைக்கும் நம்முளுது. நம்ம கட்டைக்குள்ள அவன் அடிச்சுப்போடுவானுங்களா?”

அடுத்த ஆட்டத்திலிருந்து கம்பங்கள் முதலாளி சொல் கேட்டன. ஹம்சா உதைத்த பந்தெல்லாம் கோலை எட்டாமல் விழுந்தது. நடுவர் விதிப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு, “கம்பம் நகரக் கூடாதுன்னு எங்கீமே போடலீங்க” என்றார். சுவரேறிப் பார்த்த ஆலைக் கூட்டம் ஊளையிட்டது. “ஏனுங் சாயபு, கோல் பொள்ளாச்சிக்குப் போயிருச்சுங்க, பஸ் ஏறுங்க!” முன்பு அவரைத் தோளில் தூக்கியதும் இதே கூட்டம்தான்.

இறுதி ஆட்டத்தன்று கம்பங்கள் எல்லைக்கோட்டோடு நிற்கவில்லை. சுற்றுச்சுவரைத் தாண்டி அவிநாசி சாலையில் இறங்கிக் கிழக்கே நகர்ந்தன. கம்பங்களுக்கு நடுவில் சென்னகிருஷ்ணன் பின்னோக்கி நடந்தார். ஹம்சா பந்தை உருட்டிக்கொண்டு பின்தொடர்ந்தார். மற்றவர்கள் டீ நேரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். நடுவர் கடைசி விசிலை ஊதவே இல்லை.

வருடங்கள் போயின. பஸ் டிரைவர்கள் ஒதுங்கிப் போகப் பழகிக்கொண்டார்கள். அந்தியூர்ச் சந்தையில் குதிரைகளுக்கு நடுவே அவர்கள் கடந்தபோது வியாபாரிகள் ஹம்சாவின் காலைத்தான் பார்த்தார்கள். தாஜுன்னிசாவும் சென்னகிருஷ்ணனின் மனைவியும் கண்டக்டர்களிடம் இடம் விசாரித்து, ஒரே பஸ்ஸில் ஆளுக்கொரு தூக்குப்போசிச் சோற்றோடு வருவார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள்.

“மதுக்கரைல உங்க பேரை எடுத்துட்டாங்க. வூட்டுக்கு வாங்க.”

“கோலைப் போட்டுட்டு வாரேன், தாஜு.”

“வாடா பதிலி!” என்பார் சென்னகிருஷ்ணன், வாயில் சோற்றோடு.

இருவருக்கும் தலை நரைத்தது. நாயுடு இறந்தார். மகன்கள் ஆலையை விற்றார்கள். இப்போது அங்கே கண்ணாடி போட்ட கணினி அலுவலகம் நிற்கிறது. ஆலையின் கடைசி இயந்திரம் பழைய இரும்புக்கு ஏற்றப்பட்ட காலையில், அந்தியூருக்குக் கிழக்கே விவசாயி பொங்கியண்ணனின் மஞ்சள் காட்டில் கம்பங்கள் சட்டென்று நின்றன. தாஜுன்னிசா அன்று வரப்பில் இருந்தாள். ஹம்சா மூச்சு வாங்கினார், பந்தை நிறுத்தினார், முழு பலத்தோடு உதைத்தார். சென்னகிருஷ்ணன் பக்கவாட்டில் பாய்ந்து அதை மார்போடு பிடித்துக்கொண்டார்.

பொங்கியண்ணனுக்குப் பொறுக்கவில்லை. “மில்லே இல்லீங்களே, யாருக்குங்க புடிக்கிறீங்க?”

சென்னகிருஷ்ணன் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். “நான் பெர்மனன்ட்டுங்க.”

அதன் பிறகும் ஹம்சா தினமும் உதைத்தார். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. போன ஐப்பசியில் அதே காட்டில் அவர் இறந்தார்; தாஜுன்னிசா வேன் பிடித்துக் கோட்டைமேட்டுக்குக் கொண்டுவந்தாள். சென்னகிருஷ்ணன் உடன் வரவில்லை, நின்ற இடத்தை விட்டு அசையவுமில்லை. பொங்கியண்ணன் கம்பங்களில் பாகற்கொடி ஏற்றியிருக்கிறார். காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போது “காலுங்க” என்பார். சென்னகிருஷ்ணன் ஒவ்வொரு காலாகத் தூக்கிக்கொள்வார்.